ஓடிப்போன பதினொன்றாம் நம்பர்

கல்லூரியில் நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த சமயம். பொங்கல் விடுமுறை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்பத்தூரிலிருந்து திருநின்றவூருக்குப் போகும் மின்சார ரயிலில், ஒரு மாலைப் பொழுதில் இது நடந்தது. வழக்கமாக நான் பெண்கள் பெட்டியில்தான் ஏறுவேன். அன்று பிளாட்பாரத்துக்குள் ஓடி வரும்போதே ரயில் புறப்பட ஊதிவிட்டது. எதிரில் இருந்த பொதுப் பெட்டியில் தொற்றிக்கொண்டேன். அந்த அவசரம் மட்டும் இல்லையென்றால் எனக்கு எழுதுவதற்கு எதுவுமே இருந்திருக்காது.

நான் கூடைப்பந்து ஆடுகிறவள். எங்கள் வீட்டு நிலைப்படி எட்டாம் வகுப்பிலிருந்தே எனக்கு விரோதி. குனிய மறந்தால் நெற்றியில் ஒன்று வைக்கும். அந்த உயரத்துக்காகவே கல்லூரி அணியில் என்னை ரிங்குக்குக் கீழே நிறுத்தினார்கள். அங்கே நிற்பவளின் முக்கியமான வேலை ரீபவுண்ட் எடுப்பது. அதாவது, யாரோ எறிந்து, கூடையில் விழாமல் பலகையில் பட்டுத் திரும்பும் பந்தை, இரண்டு அணிப் பெண்களும் முண்டியடிக்கும் கூட்டத்துக்கு நடுவில் எம்பிப் பிடிக்க வேண்டும். பாஸ்கெட் போடுகிறவளுக்குக் கைதட்டல் கிடைக்கும். ரீபவுண்ட் எடுக்கிறவளுக்கு முழங்கைக் குத்துதான் கிடைக்கும்.

வருடா வருடம் அந்தச் சமயத்தில் அம்பத்தூரில் ஒரு திடலில் கல்லூரிப் பெண்களுக்கான போட்டி நடக்கும். தொழிற்பேட்டையில் வேலை முடித்து வருகிறவர்கள் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேராக வந்து சிமெண்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு எங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. சட்டையில் இருக்கும் நம்பர்தான் எல்லாம். "பதினொன்னு, கை தூக்கு!" "நாலு, பாஸ் குடு!" என்று சொந்த வீட்டுப் பெண்ணை அதட்டுவதுபோல அதட்டுவார்கள். நான் பதினொன்று.

அன்று அரையிறுதியில் நாங்கள் ஜெயித்திருந்தோம். ஆனால் அதில் எனக்குப் பெரிய பங்கு எதுவும் இல்லை. கோச் என்னைப் பாதியிலேயே வெளியே எடுத்துவிட்டார். கடைசி வரை பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரணம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முந்தின வருடம் இதே திடலில் ஒரு முழங்கை பட்டு என் மூக்கு உடைந்தது. மூக்கு ஆறி, லேசாக இடது பக்கம் சாய்ந்து, அதுவும் பழகிவிட்டது. பயம்தான் ஆறவில்லை. பந்து பலகையில் படும் சத்தம் கேட்டாலே என் கண்கள் தானாக மூடிக்கொள்ளும். நான் வேண்டுமென்று செய்வதில்லை. கண்ணைத் திறக்கும்போது பந்து வேறு யார் கையிலாவது இருக்கும்.

ரயிலில் ஜன்னலோரம் ஒரு இடம் கிடைத்தது. சுடிதார் மாற்றியிருந்தேன். தூசிக்காக மாஸ்க், குளிருக்காகத் தலையைச் சுற்றித் துப்பட்டா. எனக்கு எதிரே இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் குண்டாக, நீலநிறக் கம்பெனிச் சட்டை போட்டிருந்தார். மற்றவர் ஒல்லி, மடியில் டிபன் பை. இருவருக்கும் நாற்பது வயது இருக்கலாம். படிக்கட்டில் தினமும் கேட்கிற குரல்கள் என்பது அவர்கள் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது.

"மெய்யாலுமே சொல்றேன் மாமே, அந்தப் பதினொன்னு சொம்மா ஒசரத்துக்கு நிக்குது" என்று ஆரம்பித்தார் நீலச் சட்டை. "தலைக்கு மேல பந்து வருது, இது கண்ண மூடிக்குது. இன்னா, சாமி கும்புடவா வந்துகீது?"

எனக்குக் காது சுட்டது. துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டேன்.

"உட்றா, பாவம்" என்றார் டிபன் பைக்காரர். "பொம்பளப் புள்ள. மூஞ்சில ஒன்னு பட்டா நாளைக்கு கல்யாணம் காட்சி நடக்க வாணாமா? ஊட்ல சொல்லி அனுப்சிருப்பாங்க, பாத்து ஆடும்மான்னு."

அம்மா காலையில் அதே வார்த்தைகளைத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். திட்டியவர்மேல் வந்த கோபத்தைவிட, பரிந்து பேசியவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. என்னைக் கோழை என்று சொன்னால் சண்டையாவது போடலாம். பாவம் என்று சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

"அப்ப ஏழு மட்டும் இன்னா, ஆம்பளப் புள்ளயா?" என்று நீலச் சட்டை தொடையில் தட்டினார். "போன வருசம் பாத்த இல்ல? இதே பதினொன்னு, மூக்குல ஒரு குத்து, ரத்தத்த பாத்ததும் ஓடிப்போச்சு. அதுக்கப்பறம் ஆளே காணோம். அப்பால ஏழு எறங்கிச்சு பாரு! மூக்குல பிளாஸ்திரி ஒட்டிக்கினு, அதுக்கும் ஏற்கெனவே ஏதோ அடி போல, இருந்தாலும் வந்த பந்து ஒன்ன உட்டுச்சா? முட்டி மோதி அத்தினியும் அதான் எடுத்துச்சு. அதான்டா ஆளு!"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் அந்த ஏழாம் நம்பரும் நான்தான்.

நடந்தது இதுதான். கூடைப்பந்தில் சட்டையில் ரத்தம் பட்டால் அந்தச் சட்டையோடு ஆட விடமாட்டார்கள். முந்தின வருடம் என் மூக்கு உடைந்தது இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். பைக்குள் இருந்த ஒரே உபரிச் சட்டை ஏழாம் நம்பர். அதைப் போட்டுக்கொண்டு, மூக்கில் பஞ்சை அடைத்து, குறுக்கே பிளாஸ்திரி ஒட்டி, ரெட்டைப் பின்னலை அவிழ்த்துக் கொண்டையாக முடிந்து, இடைவேளை முடிந்ததும் நான் திரும்ப இறங்கினேன். நம்பர் மாறியதை முறைப்படி மைக்கில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மைக் அப்போது வேறு வேலையில் இருந்தது. நம் ஊர் போட்டிகளில் இடைவேளை என்பது ஆடுகிறவர்களுக்கு இல்லையே, பொன்னாடைக்குத்தானே! வந்திருந்த பிரமுகர் ஒவ்வொருவருக்கும் போர்த்தி, அவர் போர்த்தியவருக்குத் திரும்பப் போர்த்தி, எல்லோர் பெயரையும் அடைமொழியோடு வாசித்து முடிப்பதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. படிக்கட்டில் இருந்தவர்களைப் பொறுத்தவரை பதினொன்று ரத்தத்தோடு ஓடிப்போனாள், ஏழு எங்கிருந்தோ வந்து காப்பாற்றினாள்.

"ஏழு இப்ப டீம்லயே இல்லியேடா" என்றார் டிபன் பைக்காரர் வருத்தமாக. "ரயில்வேல வேல கெடச்சி போய்ட்ச்சாம்."

"யாரு சொன்னா? கல்யாணம் கட்டிக்கினு போய்ட்ச்சின்னு இல்ல நான் கேள்விப்பட்டேன்."

ரயில்வேயில் வேலையும் கிடைத்து, கல்யாணமும் ஆகிவிட்ட நான், மாஸ்க்குக்குள் வாயைத் திறந்து மூடினேன். சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். "அண்ணா, அந்த ஏழு நான்தான்" என்று மாஸ்க்கை இறக்கிக் காட்டிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. மூக்கின் கோணலே சாட்சி சொல்லும். ஆனால் கை மாஸ்க் வரை போய் நின்றுவிட்டது. சொன்னால் அடுத்து அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "அப்ப ஏம்மா இப்ப இப்டி ஆடுற?" என்று கேட்பார். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர்கள் ஓடிப்போனதாகச் சொன்ன அன்று நான் ஓடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்திலும் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். திடலை விட்டுப் போகவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் தகவல் தப்பு, தீர்ப்பு சரி.

ஆவடி வந்தது. இருவரும் எழுந்தார்கள். நீலச் சட்டை என்னைக் கீழிருந்து மேல்வரை ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்திருந்தாலும் என் உயரம் மறைகிற உயரமில்லை.

"இன்னாம்மா, ஒசரமா கீறியே, நீயும் பாஸ்கெட்பால் ஆடுவியா?"

"கொஞ்சம் ஆடுவேண்ணா."

"நாளைக்கு பைனல் கீது, வந்து பாரு. ஏழாம் நம்பர்னு ஒரு பொண்ணு இருந்துச்சும்மா. அது மாரி ஆடணும். பதினொன்னு மாரி மட்டும் ஆடிடாத, இன்னா?"

"சரிண்ணா" என்றேன்.

ஆவடியிலிருந்து திருநின்றவூர் வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். என்னையே எனக்கு எதிராக நிறுத்தி, என்னிடமே என்னைத் தோற்கடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மா போட்ட தோசையைக்கூடக் கோபத்தோடுதான் தின்றேன். ஆனால் படுக்கும்போது ஒன்று மட்டும் முடிவாகிவிட்டது. நாளைக்குப் பதினொன்று ஓடாது.

மறுநாள் காலையிலேயே எங்கள் கேப்டன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அவளுக்கு முத்தாபுதுப்பேட்டை. என்னைவிட ஒரு அடி குள்ளம், என்னைவிடப் பத்து மடங்கு தைரியம். அவள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் ஒரு ரிங் உண்டு. ரயிலில் நடந்ததைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீ ரயில்வேல சேந்தத எங்கிட்டகூட சொல்லலியேடி!"

"சிரிச்சு முடிச்சுட்டியா? இப்ப உள்ள போய் ஒரு தலகாணி எடுத்துட்டு வா."

நான் கேட்டது இதுதான். ஒரு கையால் பந்தைப் பலகையில் எறிய வேண்டும். நான் எம்பும்போது இன்னொரு கையில் இருக்கும் தலையணையால் என் முகத்தில் ஓங்கி அடிக்க வேண்டும். நான் கண்ணை மூடக் கூடாது. மூடினால் திரும்ப முதலிலிருந்து. அவள் முதலில் தயங்கித் தயங்கி அடித்தாள். பிறகு அவள் ருசி கண்டுவிட்டாள். "போன வாரம் எனக்கு பாஸ் குடுக்கல இல்ல, இந்தா!" என்று பழைய கணக்கையெல்லாம் தீர்த்தாள். காலை நடைக்கு வந்தவர்கள், ஏதோ சண்டை என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெகுநேரம் வரை என் கண் என் பேச்சைக் கேட்கவில்லை. முகம் சிவந்து, கண்ணில் நீர் கொட்டி, எனக்கே என்மேல் வெறுப்பு வந்த பிறகுதான், தலையணை வருவதைப் பார்த்துக்கொண்டே முதல் பந்தைப் பிடித்தேன். அப்போது ஒரு விஷயம் புரிந்தது. கண்ணைத் திறந்து வைத்திருந்தால் அடி வருவது தெரிகிறது. தெரிந்தால் தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம். இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டு, விழ வேண்டிய அடி முழுவதையும் நானே வாங்கியிருக்கிறேன்.

கிளம்பும்போது கேப்டன் சொன்னாள், "பேசாம இன்னைக்கு ஏழு போட்டுக்கோடி. பையிலதான் கெடக்கு. அது உனக்கு ராசியான நம்பர்."

"வேணாம்டி. பதினொன்னுதான் ஓடிப்போச்சுன்னு பேரு. அதுதான் திரும்பி வரணும்."

சாயங்காலம் திடலுக்குப் போனதும் கோச்சிடம் நின்றேன். அவர் அதிகம் பேசாதவர். "சார், இன்னைக்கு என்னை முதல்லயே இறக்குங்க. நான் கண்ண மூடினா உடனே வெளிய எடுத்துடுங்க" என்றேன். "சரி. நான் இன்னைக்குப் பந்தப் பாக்கப் போறதில்ல, உன் கண்ணத்தான் பாப்பேன்" என்றார்.

எதிரணி நகரத்துக்குள்ளிருந்து வந்த பெரிய கல்லூரி. அவர்களுடைய உயரமான பெண்ணுக்குத் தோளும் முழங்கையும் இரும்பு. முதல் பந்து பலகையில் பட்டது. எம்பினேன். அவள் முழங்கை என் கன்னத்தை நோக்கி வருவதைப் பார்த்தேன், தலையைத் திருப்பினேன், அது என் காதை உரசிக்கொண்டு போனது. பந்து என் கையில் இருந்தது! திடலோரம் திரும்பிப் பார்த்தால் கோச் உண்மையாகவே பந்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் எனக்கு வெறி பிடித்துவிட்டது. எங்கள் பக்கம் திரும்பிய பந்து, அவர்கள் பக்கம் திரும்பிய பந்து என்று எதையும் விடவில்லை. தள்ளினார்கள், நானும் தள்ளினேன். விழுந்தேன், எழுந்தேன். படிக்கட்டிலிருந்து நீலச் சட்டையின் குரல் வரும், வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த வாய் சும்மா இருந்ததே எனக்குப் பெரிய கைதட்டலாகத்தான் இருந்தது.

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது முடியப்போகும் நேரம். ஒரு பந்துக்கு மூன்று பேர் எம்பினோம். இந்தத் தடவை முழங்கை வந்தது எனக்குத் தெரிந்தது, ஆனால் விலக இடமில்லை. உதட்டில் விழுந்தது. பந்தை விடாமல்தான் தரையில் இறங்கினேன். சட்டையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். நடுவர் விசில் ஊதி, என் சட்டையைக் காட்டி, வெளியே போகச் சொன்னார்.

உதட்டில் ஐஸ் வைத்து அழுத்தினார்கள். கேப்டன் ஓடி வந்து பையைக் கவிழ்த்தாள். வந்து விழுந்தது அதே ஏழாம் நம்பர் சட்டை. "சீக்கிரம் போடுடி!" என்று நீட்டினாள். படிக்கட்டைப் பார்த்தேன். எல்லோரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன வருடமும் இதே இடம், இதே ரத்தம். இப்போது நான் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினால், பதினொன்று மறுபடியும் ஓடிவிடுவாள். இனிமேல் அவள் திரும்பி வரவே மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

கடைசிப் பகுதி தொடங்க ஒரு சின்ன இடைவெளி உண்டு. பனியனுக்கு மேல்தான் சட்டை போட்டிருந்தேன். அதைக் கழற்றிக்கொண்டு, திடலோரம் இருந்த குடிதண்ணீர்க் குழாய்க்கு ஓடினேன். குழாயைத் திறந்து, கல்லில் வைத்து, கட்டிய மனைவிமேல் கோபம் கொண்டவன் சட்டையைத் துவைப்பதுபோல் அடித்துத் துவைத்தேன். பின்னால் கோச் கத்துவது கேட்டது. "உனக்குப் பைத்தியமா? ஏழு இருக்கு இல்ல!" நான் திரும்பவில்லை. பிழிந்து, உதறி, சொட்டச் சொட்ட மாட்டிக்கொண்டு நடுவர் முன்னால் போய் நின்றேன். அவர் சட்டையை முன்னும் பின்னும் இழுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "போ" என்று தலையை ஆட்டினார்.

உள்ளே கால் வைத்ததும் வந்தது அந்தக் குரல்.

"டேய்! பதினொன்னு திரும்பி வந்துகினு கீதுடா!"

அந்த ஒரு வரிக்காக இன்னும் நான்கு முழங்கை வாங்கலாம் என்று இருந்தது.

சினிமாவாக இருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போம். நாங்கள் தோற்றோம், அதுவும் ஒரே ஒரு பாஸ்கெட்டில். கடைசி நொடிகளில் பலகையில் பட்டுத் திரும்பிய பந்தை நான்தான் எடுத்துக் கேப்டனிடம் தள்ளினேன். அவள் எறிந்தது ரிங்கின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, வெளியே விழுந்தது. ஈரச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். கேப்டனும் அழுதாள். கோச் பக்கத்தில் வந்து நின்று, "ஒரு தடவகூட மூடல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

துணி மாற்றி, மாஸ்க் போட்டு, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நானும் கேப்டனும் வெளியே வந்தோம். வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நம்முடைய இருவரும் கையில் கிளாஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் சொன்னேனே, பதினொன்னு நல்லா ஆடும்னு" என்றார் டிபன் பைக்காரர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "சட்டைய தொவச்சி மாட்டிக்கினு வந்து நின்னுச்சு பாரு! யாரு செய்வா?"

"ஓடல, ஒத்துக்கறேன்" என்றார் நீலச் சட்டை. டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "இன்னிக்கு அது ஆடுச்சு, தெகிரியந்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா மாமே, ஏழு மட்டும் இருந்திருந்தா கப்பு நம்மளுது."

கேப்டன் என் கையைக் கிள்ளினாள். "சொல்லிடட்டுமாடி?" என்று காதில் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். உதடு வீங்கியிருந்ததால் சிரிக்கக்கூட வலித்தது, ஆனாலும் ரயில் நிலையம் வரை சிரித்துக்கொண்டேதான் போனோம்.

இப்போது அம்பத்தூரிலேயே ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ரயில்வே இல்லை, கல்யாணமும் இன்னும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் ஆடுகிறேன், பதினொன்றாம் நம்பர் சட்டையில்தான். அலுவலகத்திலோ வீட்டிலோ ஏதாவது ஒன்று முகத்தை நோக்கி வரும்போது, என் கண் இன்னும் மூடத்தான் பார்க்கிறது. அப்போதெல்லாம் அந்த நீலச் சட்டை அண்ணன் இன்னும் எங்கோ ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து, "ஏழு மாரி வராது" என்று சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்துக்கொள்வேன். அவர் சொல்வது உண்மையில்லை என்று காட்ட, கண்ணைத் திறந்தபடி இன்னொரு தடவை எம்புகிறேன்.